வால் முளைத்த வாக்கியங்கள்

அத்தியாயம் 14

நோட்டு கிடைத்துவிட்டது. நோட்டாக அல்ல, புத்தகமாக.

காலை முதல் மணி அடிப்பதற்கு முன்பே அச்சகத்து வண்டி வந்து, பள்ளி வராந்தாவில் அறுபது அட்டைப்பெட்டிகளை இறக்கிவிட்டுப் போயிருந்தது. மூன்றாம் வகுப்புக்கான புதிய அறிவியல் பயிற்சி நூல். திங்கட்கிழமை சுற்றுவட்டாரத்தில் உள்ள இருநூறு பள்ளிகளுக்கும் போகப்போகிறது. அட்டையில் வாத்தியாருடைய அக்காவின் பெயர். அவனுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அக்கா புத்தகம் எழுதினாளா, வாயே திறக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டு பிரித்தான்.

பாடம் ஒன்று, மிதப்பதும் மூழ்குவதும். தேவையானவை: ஒரு வாளி, ஒரு குண்டூசி, ஒரு பூசணிக்காய். முதலில் கேளுங்கள், பிறகு போடுங்கள்.

நோட்டில் இருந்த அந்த வரிசைகூட மாறவில்லை.

போன வாரம் இந்த வாத்தியார் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியது நினைவிருக்கும். அவன் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவளும் ஆசிரியைதான். இதே பள்ளியில், இதே மூன்றாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள். அக்கா இங்கே தலைமையாசிரியை என்பதால் அக்கா பெரிய டீச்சர், இவள் சின்ன டீச்சர். சின்ன டீச்சர் கைப்பட எழுதிய நீல அட்டை நோட்டு அவள் அலமாரியில் இருந்தது. அந்த அலமாரியைத் திறக்க அவனுக்குப் போன வாரம்தான் தைரியம் வந்தது. திறந்தால் நோட்டு இல்லை.

அக்கா கூடவே தேடினாள். முட்டி வலியோடு தரையில் மண்டியிட்டு, கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். "வீட்டுக்குள்ளதானே இருக்கும், கிடைச்சிடும்டா" என்றாள். கிடைக்கவில்லை. அவன் மாமனாருக்குப் போன் போட்டு, மகளின் சாமான்களை எடுக்க வந்தபோது நீங்கள்தான் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள் என்று, சொல்லக்கூடாததை எல்லாம் சொன்னான். அக்கா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாடத்தின் அடியில் ஒரு கட்டம். மேலே 'நெஞ்சில் நிறுத்துக' என்று தலைப்பு. அதற்குள் மூன்று வரிகள். முதல் வரி: கனமான பொருள் மூழ்கும், லேசான பொருள் மிதக்கும்.

வாத்தியார் அதை மறுபடி படித்தான். பிறகு பாடம் இரண்டைப் பிரித்தான். நிழல் எப்போதும் ஆளைவிட நீளமாக இருக்கும். பாடம் மூன்று. நிலா இரவில் மட்டுமே தெரியும்.

ஒவ்வொரு பாடமாகக் கடைசி வரை புரட்டினான்.

சின்ன டீச்சரின் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பாடத்திலும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு ஒரே ஒரு பொய் சொல்வாள். எது பொய் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது, செய்து காட்ட வேண்டும். அந்தப் பொய்க்கு அவள் வைத்த பெயர் வால். யாராவது பிடித்துவிட்டால் வகுப்பே "வால் தெரியுது டீச்சர்" என்று கத்தும். பிடித்த பிள்ளைக்கு அன்று முழுக்கச் சாக்பீஸ் சொந்தம். அவளுக்குப் பிறகு அந்த வகுப்பையும் வாலையும் வாத்தியார்தான் தொடர்கிறான். நோட்டில் அந்த வரிக்கு மட்டும் பென்சிலால் அடியில் கோடு போட்டு, கோட்டின் நுனியைப் பன்றிக்குட்டி வால் மாதிரி சுழித்து வைத்திருப்பாள்.

கோட்டைப் பார்த்தவர்கள் முக்கியமான வரி என்று நினைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு பாடம், இருபத்திரண்டு பொய். ஒன்று விடாமல் கட்டம் கட்டி, பிள்ளைகளை நெஞ்சில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். அவனுக்குச் சிரிப்பும் வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை.

அக்கா தன் அறையில் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலைக்குப் புதிதாகச் சாயம் போட்டிருந்தாள். காதோரத்தில் கொஞ்சம் தோலிலும் ஒட்டியிருந்தது.

"பார்த்தியா? அட்டை நல்லா வந்திருக்குல்ல?"

"நோட்டு எங்கக்கா?"

பள்ளிக்குள் அவளை 'டீச்சர், நீங்க' என்றும், வீட்டு வாசலைத் தாண்டினால் 'அக்கா, நீ' என்றும் கூப்பிடுவது அவர்களுக்குள் பத்து வருட ஏற்பாடு. இன்றைக்கு அது அவன் நினைவில் இல்லை.

"கதவைச் சாத்திட்டு உட்காரு."

"நிக்கறேன்."

"பத்திரமா இருக்கு. என் பெட்டியிலதான் இருக்கு."

"கட்டிலுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பார்த்தியே."

"நீ இருந்த நிலைமையில என்னத்தைச் சொல்றது? ஒரு சொட்டுக் கண்ணீர் விடாம பேயறைஞ்ச மாதிரி நின்ன. பயந்துட்டேன்."

"மாமாவைத் திருடன்னு சொன்னேன். நீ பக்கத்துலதான் நின்ன."

துணியை மடித்து இழுப்பறைக்குள் வைத்தாள் அக்கா. திரும்ப எடுத்து மறுபடி மடித்தாள்.

"புத்தகம் வந்ததும் உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். இருபத்தெட்டு வருஷம்டா. எனக்குக் கீழ வேலை பார்த்தவங்க எல்லாம் அதிகாரியா போயிட்டாங்க. நான் இன்னும் மணி அடிச்சாச்சா, கழிப்பறை கழுவியாச்சான்னு பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். அந்த நோட்டை நீ தொடவும் மாட்ட, தொடவிடவும் மாட்ட. பூச்சி அரிச்சுப் போயிருக்கும். இப்ப பிள்ளைங்களுக்கு உபயோகமாச்சு. பேரா முக்கியம்?"

"முக்கியம் இல்லேன்னா அவ பேரையே போட்டிருக்கலாமே."

புத்தகத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்து, கட்டத்தின் மேல் விரலை வைத்தான்.

"இது தப்பு."

"எது தப்பு?"

"கனமானது மூழ்கும்னு போட்டிருக்க. பூசணிக்காய் மிதக்கும். குண்டூசி மூழ்கும்."

அக்கா மொழிப்பாட ஆசிரியை. செய்யுளில் ஒரு எழுத்து பிசகினாலும் பிடித்துவிடுவாள். பூசணிக்காயைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தவள் இல்லை.

"அவதானே எழுதியிருக்கா? அடிக்கோடு வேற போட்டிருந்தா. முக்கியம்னாதானே அடிக்கோடு போடுவாங்க?"

"அது அடிக்கோடு இல்லக்கா. வால்."

அக்காவுக்கு மெதுவாக விளங்கியது.

"பிள்ளைங்க வால் வால்னு கத்துமே, அது இதானா? நம்ம வாலுவைக் கிண்டல் பண்றாங்கன்னு நினைச்சு ரெண்டு பசங்களை முட்டி போட வச்சேனே."

வாலு அவன் மகள். எட்டு வயது. அம்மா வைத்த பட்டப்பெயர். அவளும் அந்த மூன்றாம் வகுப்பில்தான் படிக்கிறாள்.

"இந்த மாதிரி எத்தனை இருக்கு?"

"பாடத்துக்கு ஒண்ணு."

"கட்டத்துல இருக்கிற மூணு வரியில ஒண்ணா?"

"ஒண்ணு அவ வால். மத்த ரெண்டும் இடத்தை நிரப்ப அச்சகத்துல அவ பாடத்துலேர்ந்தே எடுத்துப் போட்டது."

அக்கா தண்ணீர் குடித்தாள். டம்ளரை வைத்துவிட்டு ஒரு பேனாவை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"எது எதுன்னு குறிச்சுக் கொடு. மத்தியானம் கல்வி அதிகாரி வர்றார், அவர் போனதும் திருத்தத் தாள் அடிச்சு ஒட்டிடலாம். வெளியே மூச்சு விட வேண்டாம்."

"நான் ஏன் குறிச்சுக் கொடுக்கணும்?"

"நீ கொடுக்கலன்னா இருநூறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க தப்பா படிக்கும். அவ எழுதினதைத்தான் படிக்கும். அது அவளுக்குப் பிடிக்குமா?"

வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, மேய்ந்த இடத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறது. அவன் பேனாவை எடுக்கவில்லை. மனைவி விட்டுப்போனதில் மிச்சம் இருந்தது அந்த இருபத்திரண்டு பாடம்தான். அதையும் அவளுடையது இல்லை என்று தன் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான்.

இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று மாமனாருக்குப் போன் போட்டான். அடித்து ஓயும் நேரத்தில் எடுத்தார்.

"மாமா, நான்தான்."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"நோட்டு கிடைச்சிடுச்சு மாமா."

"நல்லது. எங்க இருந்துச்சு?"

அக்கா பெயர் நுனிநாக்கு வரை வந்தது. இத்தனைக்குப் பிறகும் வெளியே வரவில்லை.

"வீட்லயேதான் இருந்துச்சு."

"அப்ப சரி." அந்தப் பக்கம் ரேடியோவோ எதுவோ ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரோ நிறுத்தினார்கள். "நானும் உங்க அத்தையும் எங்க வீட்டுப் பெட்டி எல்லாத்தையும் ஒருதரம் கொட்டிப் பார்த்துட்டோம். ஒருவேளை தெரியாம வந்திருக்குமோன்னு. நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்களே."

"மாமா..."

"சாப்பிட்டீங்களா? போய்ச் சாப்பிடுங்க. வாலு நல்லா இருக்காளா?"

கல்வி அதிகாரி இரண்டரை மணிக்கு வந்தார். மெலிந்த மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிற ரகம். புதுப் புத்தகத்திலிருந்து ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொன்னார். அக்கா அவரை மூன்றாம் வகுப்புக்குத்தான் கூட்டி வந்தாக வேண்டும். அறிவியல் நடத்த வாத்தியாரை விட்டால் அந்தப் பள்ளியில் வேறு ஆள் இல்லை.

"பாடம் ஒண்ணையே நடத்துங்க சார்" என்றாள் அக்கா. கண்ணால் கெஞ்சினாள்.

வாத்தியார் வாளியில் தண்ணீர் நிரப்பினான். பூசணிக்காயை இரண்டு பிள்ளைகள் தூக்க மாட்டாமல் தூக்கி வந்தார்கள். கட்டத்தில் இருந்த முதல் வரியை உரக்கப் படித்தான். அவன் அதைப் படிக்காமலும் இருந்திருக்கலாம்.

"கனமான பொருள் மூழ்கும், லேசான பொருள் மிதக்கும்."

நாற்பது பிள்ளைகளும் ஒரு மூச்சு இழுத்தார்கள். அடுத்த நொடி கூரை பெயர்ந்தது.

"வால் தெரியுது சார்."

முன்வரிசையில் பல் விழுந்த ஒருத்தி எழுந்து வந்து குண்டூசியை வாளியில் போட்டாள். போன இடம் தெரியவில்லை. பூசணிக்காயைப் போட்டார்கள். அமிழ்ந்து, தண்ணீரை அதிகாரியின் செருப்பு வரை தெறிக்கவிட்டு, மேலே வந்து உருண்டது. ஒரு பையன் இரண்டு கையாலும் அதை அமுக்கினான். கையை எடுத்ததும் எழும்பியது.

"சோத்துல மறைக்கலாம் சார், தண்ணியில மறைக்க முடியாது" என்றான். வகுப்பு சிரித்தது.

அதிகாரி கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். புத்தகத்தைப் பார்த்தார். பூசணிக்காயைப் பார்த்தார். "அச்சுல தப்பா வந்திருக்கே டீச்சர்" என்றார்.

வாத்தியார் அக்காவின் முகத்தைப் பார்த்தான். இதோ, இப்போது உடையும் என்று நினைத்தான். உடைந்தால் என்ன செய்வது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

அக்கா சிரித்தாள்.

"தப்பு இல்ல சார். அதுதான் முறையே. பாடத்துக்கு ஒரு பொய், வேணும்னே வைக்கிறது. பிள்ளைங்க அதைச் சோதிச்சுக் கண்டுபிடிக்கணும். அதுக்கு வால்னு பேர்."

காலையில் கற்றுக்கொண்ட பாடத்தை மத்தியானம் ஒப்பித்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை.

நோட்டைத் திருடியது பெரிதில்லை என்று ஆகிவிட்டது. தப்பும் தவறுமாகத் திருடியிருந்த வரைக்கும் அந்த நோட்டு எப்படியோ சின்ன டீச்சருடையதாகத்தான் இருந்தது. இப்போது வாலையும் பிடுங்கியாயிற்று.

அதிகாரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பிரமாதமா இருக்கே. இருங்க, நான் ஒண்ணு கேட்கிறேன்." பக்கங்களைப் புரட்டினார். "பாடம் எட்டு, விதை. விதை முளைக்கத் தண்ணீர் வேண்டும். விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். முளைக்கும்போது முதலில் வேர் வெளியே வரும். இதுல எது வால்? பிள்ளைங்க சொல்ல வேண்டாம். எனக்கே தெரியல, டீச்சர் நீங்க சொல்லுங்க."

நாற்பது கைகளும் மேலே போய், அதிகாரி தலையசைத்ததும் மனமில்லாமல் கீழே இறங்கின. அக்கா புத்தகத்தை வாங்கிக் கட்டத்தைப் பார்த்தாள். அவள் உதடு மூன்றாவது வரியில் நின்றது. வேரா முதலில் வரும், இலைதானே வரும் என்று அவள் நினைப்பது வாத்தியாருக்கு அப்படியே தெரிந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவன் நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. நல்லது இல்லை அது. ஆனாலும் அசைந்தது.

இரண்டாவது வரிசையில் வாலு இருந்தாள். அக்கா நின்றிருந்த இடத்துக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பெஞ்சுதான். தினமும் காலையில் அவளுக்குத் தலை வாரிப் பின்னுவது அக்கா. காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொள்வது அக்கா. வாலு ஒருமுறை அப்பாவைப் பார்த்தாள். பிறகு ரப்பரை எடுப்பது மாதிரி குனிந்தாள்.

"ரெண்டாவது, அத்தை" என்றாள், மூச்சுக்காற்றில்.

வாத்தியாருக்குக் கேட்டது. அதிகாரிக்குக் கேட்கவில்லை.

"ரெண்டாவது வரி சார்" என்றாள் அக்கா. "மண்ணுக்குள்ள இருட்டுதானே. அங்கதானே முளைக்குது."

அதிகாரி கைதட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள். பெரிய டீச்சருக்கு வால் தெரிந்துவிட்டதில் அவர்களுக்கு உண்மையாகவே சந்தோஷம்.

"நீங்களும் இவங்ககிட்டதான் கத்துக்கிட்டீங்களா?" என்று அதிகாரி வாத்தியாரைக் கேட்டார்.

"இல்ல சார். என் மனைவிகிட்ட கத்துக்கிட்டேன்."

"ஓ. அவங்களும் டீச்சரா?"

"இந்த வகுப்புலதான் இருந்தாங்க. இந்த முறை அவங்களோடது."

சொல்லிவிட்டான். இதற்கு மேல் அவனிடம் சொல்ல எதுவும் இல்லை. அதிகாரி குழப்பத்தோடு அக்கா பக்கம் திரும்பினார். அக்காவின் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது.

"தவறிட்டா சார், போன வருஷம். எங்க வீட்டு மருமக. தம்பிக்கு இன்னும் ஆறல." மூக்கை உறிஞ்சினாள். "அவளுக்கும் நான்தான் சார் சொல்லிக் கொடுத்தேன்."

வாத்தியார் வகுப்பைப் பார்த்தான். யாராவது கத்துவார்கள் என்று ஒரு நொடி காத்திருந்தான். நாற்பது பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எது மிதக்கும், எது மூழ்கும், எது இருட்டில் முளைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இது அவர்கள் பாடத்தில் இல்லை.

அதிகாரி அவன் தோளில் கை வைத்தார். அடுத்த மாதம் முதல் மற்ற பள்ளி ஆசிரியர்களுக்கு அக்கா பயிற்சி கொடுக்க வேண்டும் என்றார். வால்களின் பட்டியல் ஒன்றைச் சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னார்.

"தம்பி எழுதித் தந்துடுவான் சார்" என்றாள் அக்கா.

கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு, வாத்தியார் வாளியைத் தூக்கிப்போய் ஜன்னலுக்கு வெளியே கொட்டினான். வாலு பையை மாட்டிக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். மற்ற நாளில் முதல் ஆளாக ஓடுகிறவள்.

"கோபமாப்பா?"

"இல்ல."

"அத்தைக்குத் தெரியல. எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. பாவமா இருந்துச்சு."

"சரி."

அவள் பையின் வாரைத் திருகினாள். திருகிக்கொண்டே சொன்னாள். "நோட்டையும் நான்தான் கொடுத்தேன்."

அவன் வாளியைக் கீழே வைத்தான்.

"எப்ப?"

"லீவுல. நீ அலமாரியைத் திறக்கவே மாட்டியே. நான் அம்மா துணி வாசனை பார்க்கத் திறந்தேன். அப்ப எடுத்தேன். நீ தாத்தாவைத் திட்டினப்ப சொல்லலாம்னு வந்தேன். உன் மூஞ்சியைப் பார்த்துப் பயமா இருந்துச்சு."

"அத்தை கேட்டாளா? எடுத்துக் கொடுன்னு?"

"இல்லப்பா, அத்தைக்கு நோட்டு இருந்ததே தெரியாது. நானாத்தான் கொடுத்தேன். கடைசிப் பக்கத்துல அத்தைக்குன்னு போட்டிருந்துச்சு."

"என்ன போட்டிருந்துச்சு?"

"மேல 'அண்ணிக்கு'ன்னு இருந்துச்சு. அம்மா அத்தையைத்தானே அண்ணின்னு கூப்பிடுவாங்க? அதான் கொடுத்தேன். கீழ நிறைய எழுதியிருந்துச்சு, எழுத்து எல்லாம் கோணல்மாணலா. எனக்குப் படிக்க வரல. அத்தை படிச்சாங்க. படிச்சிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அப்புறம் அந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சு எடுத்து வச்சிக்கிட்டாங்க."

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவன் மனைவி அந்த நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பாடக் குறிப்பு எழுதுகிறாள் என்றுதான் அவன் நினைத்தான். அவன் உள்ளே வரும்போதெல்லாம் மூடி வைப்பாள். முடியாமல் இருக்கும்போதுகூட பிள்ளைகள் நினைப்புதான் என்று பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

வராந்தாவில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. வாசலுக்கு வரவில்லை. அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் மகளுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் முழங்கால் மேஜைக்கு அடியில் அடங்கவில்லை.

"அப்பாவுக்குன்னு ஒரு பக்கம் இருந்துச்சா?"

வாலு யோசித்தாள். அந்த நோட்டை அவள் முதலிலிருந்து கடைசி வரை பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தவள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் வேறு பதில் ஏதாவது கிடைக்குமா என்று தேடினாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது என்று இல்லை.

"இல்லப்பா" என்றாள்.